குமாஷா விட்டுக்கொடுக்காத அறை

யார் எதைக் கேட்டாலும் குமாஷாவின் வாயில் மறுப்புதான் முதலில் வரும். அப்புறம்தான் கேட்டது என்ன என்று யோசிப்பாள். கஹ்வாக் காப்பி ஊற்றட்டுமா என்றால் "வேண்டாம்" என்பாள். சொல்லிக்கொண்டே கிண்ணத்தை நீட்டுவாள். வெளியே காற்று அடிக்கிறதா என்றால் "இல்லை" என்பாள். அவள் முக்காடு அப்போது பறந்துகொண்டிருக்கும். பல வருஷங்களாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்து வருகிறேன். நிக்காஹ் அன்று சம்மதமா என்று கேட்க வந்தவர்களிடமும் முதலில் "இல்லை" என்றாளாம். அவள் அம்மா விலாவில் கிள்ளிய பிறகுதான் "சம்மதம்" வந்ததாம். அந்தக் கணவன் இரண்டே வருஷத்தில் அவளைத் திருப்பி அனுப்பியபோது, "நான் முதல்ல சொன்னதுதான் சரி" என்று சொல்லிவிட்டுத் தகப்பன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். குழந்தை இல்லை. மறுபடி கட்டிக்கொள்ளவும் இல்லை.

அந்தத் தகப்பன் வீடு முஹர்ரக் ஊரில், பழைய கடைத்தெருவுக்குப் பின்னால், அல்வா கிண்டுகிற வாசனை நாள் முழுக்க நிற்கிற சந்தில் இருக்கிறது. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். தாயும் தகப்பனாரும் காலமான பின் அவள் தம்பி யாகூப் மனைவி மக்களோடு புது ஊர்ப்பக்கம் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். பழைய வீட்டில் குமாஷா மட்டும் இருந்தாள். சந்துப் பக்கம் பார்த்த பெரிய அறையில் நாங்கள் ஐந்து பேர் தினமும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கூடுவோம். கூரார் போடுவோம்.

கூரார் என்றால் ஜரிகைப் பின்னல். கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் எங்கள் பெண்கள் போடுகிற அகலமான வலைத்துணி அங்கியை நஷல் என்போம். அதன் கழுத்திலும் கையிலும் ஓரத்திலும் இந்தப் பின்னல் ஓடும். இதை ஒருத்தியாகச் செய்ய முடியாது. ஒருத்தி ஊசியோடு துணியருகே உட்காருவாள். மற்றவர்கள் அவளுக்கு எதிரே, நூலின் நீளத்துக்குத் தள்ளி உட்கார்ந்து, ஜரிகை வளையங்களை இரண்டு கை விரல்களிலும் மாட்டிக்கொள்வோம். வளையத்தை விரல் விட்டு விரல் மாற்றி, கையை அகட்டி இறுக்கினால் பின்னல் ஊசிக்காரியின் பக்கம் வளரும். அவள் அதைத் துணியோடு சேர்த்துத் தைத்துக்கொண்டே போவாள். ஒரு வரிசை முடிகிறவரை யாரும் கையை எடுக்கக் கூடாது. ஒரு விரல் தளர்ந்தால் அந்த வரிசையே சுருங்கிப்போகும்.

இதனால் ஒரு சங்கடம் உண்டு. கை இரண்டும் நூலில் இருக்கும்போது முக்காட்டை இழுத்துப் போட முடியாது. அதனால்தான் கூரார் போடுகிற அறைக்கு எந்த ஆணும் சும்மா நுழைய மாட்டான். சந்திலேயே நின்று கனைப்பான், குரல் கொடுப்பான். ஊசிக்காரி ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து எங்கள் ஒவ்வொருத்தியின் தலையிலும் முக்காட்டை இழுத்து விடுவாள். எல்லாரையும் மூடிய பிறகு "வா" என்பாள். அதன் பிறகுதான் வருவான். அவன் அண்ணனோ தம்பியோ யாரானாலும் இதுதான் முறை.

எங்கள் நாலு பேர் வீட்டிலும் ஆம்பிளைகள் நிறைய. கணவன், கொழுந்தன், மருமகன் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். லுல்வாவின் வீட்டில் ஒரு முறை முயன்று பார்த்தோம். ஒரு வரிசை முடிவதற்குள் நாலு முறை எழுந்து மூட வேண்டியிருந்தது. "இது கூரார் இல்லடி, முக்காடு போடற வேலை" என்று தாஜிபா சொன்னாள். தாஜிபா எங்களில் வாய்க்காரி. ஆக, ஆண் இல்லாத வீடு குமாஷாவுடையது ஒன்றுதான். அந்த அறை போனால் வேலையும் போகும். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும்.

ஒரு குளிர்காலத்தில் யாகூப் சந்தில் நின்று கனைத்தான். குமாஷா எங்களை மூடிவிட்டு அவனை உள்ளே விட்டாள். யாகூப் கெட்டவன் இல்லை. வந்தால் அக்காவின் நெற்றியில் முத்தமிடுவான். வெள்ளிக்கிழமை தவறாமல் மீன் அனுப்புவான். கைசரிய்யா அங்காடியில் துணிக்கடை வைத்திருந்தான். கடைத்தெருவில் பழைய வீடுகளையெல்லாம் பூசி மெழுகிக் கலைக்கூடமாகவும் காப்பிக்கடையாகவும் மாற்றிக்கொண்டிருந்த சமயம் அது. யாகூபிடமும் ஓர் ஆள் வந்திருந்தான். ஃபவாஸ் என்று பெயர். மனாமா நகரத்துக்காரன், ஓவியங்களை மாட்டி விற்கிற படக்கூடம் நடத்துகிறவன். முழு வீட்டையும் குத்தகைக்குக் கேட்டான்.

"அக்கா, ஒரு கையெழுத்துதான்" என்று யாகூப் காகிதத்தை எடுத்தான். "அப்பா வீட்ல உன் பங்கை என் பேருக்கு விட்டுக்கொடுக்கற மாதிரி. எல்லா அக்கா தங்கச்சியும் செய்றதுதானே. நீ என் வீட்டுக்கு வந்துடு. மாடியில ரெண்டு அறை காலியாத்தான் இருக்கு."

"மாட்டேன்" என்றாள் குமாஷா.

யாகூப் சிரித்தான். அக்காவின் முதல் பதிலை அவன் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறவன். இரண்டாவது பதிலுக்காகக் காத்திருந்தான்.

"ஊசி கையில இருக்கு. ஜவாஹிரோட நஷல் இது. வரிசை முடியட்டும்" என்றாள்.

ஜவாஹிர் யாகூபின் மகள். வசந்தத்தில் அவளுக்குக் கல்யாணம். மருதாணி இரவுக்கான நஷலுக்கு அத்தைதான் கூரார் போட வேண்டும் என்று யாகூபே கொண்டுவந்து கொடுத்திருந்தான். மகளின் துணி அக்கா மடியில் இருக்கும்போது அக்கா எப்படிச் சண்டை போடுவாள் என்று நினைத்திருப்பான் போலிருக்கிறது. வாசலில் உட்கார்ந்து பார்த்தான். வரிசை முடிவதற்கு முன்பே மக்ரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள். பள்ளிவாசலுக்குப் போய்விட்டான்.

அவன் போனதும் குமாஷா லுல்வாவைப் பார்த்து, "நாளையிலேருந்து நீ ஊசியில உக்காரு. நான் நூல்ல உக்கார்றேன்" என்றாள்.

ஊசி என்பது தலைமை இடம். எனக்குத் தெரிந்து அவள் அதை யாருக்கும் கொடுத்ததில்லை.

"ஊசிக்காரிக்கு ஒரு கை சும்மா இருக்குமில்ல. அதுல பேனாவைத் திணிச்சுடுவான்" என்றாள்.

அடுத்த முறை யாகூப் வந்தபோது அவள் பத்து விரலும் நூலில் இருந்தது. வரிசை முடியும் வரை இருக்கிறேன் என்று உட்கார்ந்தான். வரிசை முடிகிற நேரத்தில் தாஜிபா தன் கை வளையங்களைக் கழற்றுவதற்கு முன்பே லுல்வா குமாஷாவின் விரல்களில் புது நூலை மாட்டிவிட்டாள். பிறகும் அப்படியே. நயீமா எங்களில் சின்னவள். அவள் தன் முறை முடிந்து எழுந்து, கஹ்வா ஊற்றி, கிண்ணத்தைக் குமாஷாவின் வாயருகே பிடித்தாள். குமாஷா குழந்தை மாதிரி குடித்தாள். யாகூப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா, கை வலிக்கல?"

"இல்ல. மூக்கு அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு விடு."

அவன் குனிந்து, கையிலிருந்த அதே காகிதத்தின் முனையால் அக்காவின் மூக்கைச் சொறிந்துவிட்டான். தாஜிபாவுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் பின்னல் ஆடியது. யாகூபும் சிரித்துவிட்டான். அன்றைக்கும் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

"இப்படியே போனா செத்த பிறகு கபருக்குள்ள மலக்கு வானவங்க வந்து கேள்வி கேட்டாக்கூட, கை நூல்ல இருக்குன்னு சொல்லுவே" என்றாள் தாஜிபா.

"அவங்க கையெழுத்துக் கேக்க மாட்டாங்க" என்றாள் குமாஷா.

சந்து முழுக்க இது பரவியது. அல்வாக்கடைப் பையன்கள் யாகூபைப் பார்த்து, "மாமா, நூல் தீர்ந்துடுச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தமாஷாகத்தான் இருந்தது. ஆனால் நான் குமாஷாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒளிந்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. தம்பியிடம் நேருக்கு நேராக மறுக்கவும் வாய் வரவில்லை. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

நடுவில் ஃபவாஸ் ஓர் ஏற்பாடு சொல்லி அனுப்பினான். அறை போனாலும் நாங்கள் போக வேண்டாமாம். வாரத்தில் இரண்டு மாலை முற்றத்தில் ஒரு மூலை தருவானாம். பாய், தலையணை, விளக்கு எல்லாம் அவனே போடுவானாம். பார்க்க வருகிறவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்களாம். அதைச் சொல்ல வந்த யாகூப், "அஞ்சு பேர் உக்காந்தா வழி அடைக்குமாம். மூணு பேர் போதும்னாரு" என்றான்.

"மூணு பேரை வெச்சு என்னடா பின்னறது? குழந்தையோட தொப்பிக்கு நாடா வேணா வரும்" என்றாள் லுல்வா. வயதில் மூத்தவள் அவள். யாகூபை வாடா போடா என்பாள்.

"பாக்கறதுக்குத்தானே, அம்மா."

குமாஷா தலையை நிமிர்த்தாள். "வேலை செய்யறதுக்குக் கூப்பிடறானா, வேலை செய்யற மாதிரி உக்கார்றதுக்குக் கூப்பிடறானா?"

"ரெண்டும் ஒண்ணுதானே, அக்கா."

"வர்ற ஆம்பிளைங்க எல்லாம் கனைச்சுட்டு வருவாங்களா?"

யாகூப் எழுந்து செருப்பைத் தேடினான். அவனுக்குப் பதில் தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை. நஷலின் கீழ் ஓரம் நடந்துகொண்டிருந்தது. அது ஆக நீளமான வரிசை. நாங்கள் நால்வரும் நூலில் இருந்தோம், லுல்வா ஊசியில். அடைத்த அறை புழுக்கமாக இருந்ததால் முக்காட்டையெல்லாம் தோளுக்கு இறக்கி விட்டிருந்தோம். தாஜிபா தன் சம்பந்தி வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. கனைப்பு இல்லை, குரல் இல்லை. கையில் அளவு நாடாவோடு ஒருவன், அவன் பின்னால் தோளில் கேமராவோடு இன்னொருவன். முன்னால் நின்றவன் ஃபவாஸ் என்று பிறகுதான் தெரிந்தது. "அட, ஆளுங்க இருக்காங்களா? வீடு நம்மதுதான், போய் அளந்துக்கோன்னு யாகூப் சொன்னாரே" என்றான். சொல்லிவிட்டு வெளியே போயிருக்கலாம். போகவில்லை. எங்கள் கைகளையும் நடுவில் மின்னிய நூலையும் பார்த்துவிட்டு, பின்னால் நின்றவனிடம், "அப்படியே ஒண்ணு எடு, நல்லாருக்கு" என்றான்.

நயீமா முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்தாள். லுல்வா எழ முயன்றாள். மடியில் துணி, முழங்காலில் வலி, எழ முடியவில்லை. தாஜிபா கதையைப் பாதியில் விட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். எங்களில் ஒருத்தி கையும் நூலை விடவில்லை. அந்த நேரத்திலும் விரல்கள் தாமாக இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தன. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

குமாஷா எழுந்தாள்.

வரிசையின் நடுவில் ஒருத்தி எழுந்து நான் பார்த்தது அது ஒரே முறை. ஜரிகை எங்கள் விரல்களிலிருந்து பிய்த்துக்கொண்டு அவளோடு போனது. விரல்களில் வளையங்கள் தொங்க, தலையில் துணியில்லாமல், நரைத்த பின்னல் முதுகில் கிடக்க, அவள் கேமராவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"எடு" என்றாள். "எடுக்கணும்னுதானே வந்தே? என் மூஞ்சியை எடு. அவங்களை விடு."

கேமராக்காரன் கேமராவைக் கீழே இறக்கிவிட்டான். ஃபவாஸ் தடுமாறினான். "மன்னிக்கணும் அம்மா, யாகூப்தான்…"

"யாகூப் பங்கு முற்றத்துக்கு அந்தப் பக்கம். இது என் அறை. என் அப்பன் எனக்கு விட்டது. என் அறையில என்னைக் கேக்காம நுழைஞ்சா உன் பேர் என்ன தெரியுமா?"

அவன் தெரிந்துகொள்ள நிற்கவில்லை. அளவு நாடா சுருளாமல் சந்து வரை இழுபட்டுக்கொண்டு போனது.

குமாஷா திரும்பி எங்களைப் பார்த்தாள். ஒவ்வொருத்தி தலையிலும் முக்காட்டை இழுத்து விட்டாள். பிறகு தன் விரல்களிலிருந்து ஜரிகையைக் கழற்றி லுல்வாவின் மடியில் வைத்தாள். "வரிசையைப் பிரிச்சு மறுபடி போடுங்க. நான் வர்றேன்" என்று அபாயா மேலங்கியைப் போட்டுக்கொண்டாள். என்னைப் பார்த்து, "நீ வா" என்றாள். நான் எங்கேயும் பேச மாட்டேன் என்பதால் சாட்சிக்கு என்னைத்தான் கூப்பிடுவாள்.

யாகூபின் கடையில் அந்த நேரம் கூட்டம். இரண்டு குவைத்துக்காரர்கள் துணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் தேநீர்க் கோப்பையோடு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அக்காவைப் பார்த்ததும் யாகூப் எழுந்தான். "அக்கா? என்ன ஆச்சு? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே."

"கையை நூல்லேருந்து எடுத்துட்டேன். பாரு" என்று அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். ஜரிகை அறுத்த கோடுகள் விரல்களில் சிவந்திருந்தன. "காகிதத்தை எடு."

அவன் முகம் மலர்ந்தது. பையிலிருந்து எடுத்து நீட்டினான், பேனாவையும். அவள் காகிதத்தை வாங்கி நாலாக மடித்து அவன் பைக்குள்ளேயே திரும்பப் போட்டாள்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். நூல் இருந்தாலும் மாட்டேன், இல்லாட்டியும் மாட்டேன். இத்தனை நாள் கையைக் காட்டிட்டு இருந்தது என் தப்பு. வாயால சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன். அப்பா விட்டுட்டுப் போனதுல உனக்கு ரெண்டு பங்கு, எனக்கு ஒரு பங்கு. அதை நான் வெச்சேனா? அல்லாஹ் வெச்சான். என் பங்கு எனக்கு வேணும்."

கடையில் ஒருவரும் கோப்பையை வாயில் வைக்கவில்லை.

"அக்கா, நாலு பேர் முன்னாடி…" யாகூபின் காது சிவந்தது. "ஃபவாஸ் உள்ள வந்தது தப்புதான். அவனை நான் பாத்துக்கறேன். ஆனா இதுக்குத்தான் நானும் சொல்றேன். நீ அங்க உக்காராம என் வீட்ல இருந்தா இதெல்லாம் நடக்குமா?"

"உன் வீட்டு மாடியில அஞ்சு பேர் நூல் பிடிக்க முடியுமா? உன் வீட்டு ஆம்பிளைங்களுக்குக் கனைச்சுக் கனைச்சே தொண்டை கட்டிக்கும்."

குவைத்துக்காரரில் ஒருவர் சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"தம்பிகிட்டக் கணக்குப் பாக்கற அக்காவை எங்கயாவது பாத்திருக்கியா?" என்றான் யாகூப். அவனுக்கு உண்மையாகவே வலித்தது என்று எனக்குத் தோன்றியது.

"பாத்ததில்ல. அதனாலதான் எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டு மாடியில உக்காந்திருக்காங்க."

"இதுக்கு மேல நான் உனக்குத் தம்பி இல்லை."

"அதை நீ முடிவு பண்ண முடியாது. உன்னைக் குளிப்பாட்டினவ நான்" என்று சொல்லிவிட்டுக் குமாஷா வெளியே வந்தாள். அல்வாக்கடை வாசலில் நின்று தண்ணீர் கேட்டாள். கடைக்காரர் கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடி நடந்தாள்.

அதற்குப் பிறகு அவளைத் திட்டாதவர்கள் குறைவு. கூடப்பிறந்தவனைக் கடைவாசலில் வைத்து அவமானப்படுத்தினாள் என்றார்கள். பிள்ளை இல்லாதவளுக்கு வீடு எதற்கு, செத்தால் எப்படியும் பெரும்பகுதி தம்பி வீட்டுக்குத்தானே போகிறது என்றார்கள். பள்ளிவாசல் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மார்க்கத்தில் அவளுக்குப் பங்கு உண்டுதான், ஆனால் வாங்காமல் இருப்பது அழகு என்றார். "அப்ப அந்த அழகை யாகூப் செய்யட்டுமே" என்று குமாஷா சொல்லி அனுப்பினாள். லுல்வாவேகூட ஒரு நாள், "விட்டுடு, குமாஷா. ரத்தம் பெரிசு" என்றாள்.

"ரத்தம் பெரிசுன்னு எப்பவும் பொம்பளைகிட்டத்தான் சொல்றாங்க" என்றாள் குமாஷா. "அவன்கிட்ட யாராவது போய்ச் சொன்னீங்களா?"

லுல்வா ஊசியில் நூல் கோத்தாள். மறுநாள் அவளே தடியை ஊன்றிக்கொண்டு யாகூபின் கடைக்குப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தாள். பலன் இல்லை. ஆனால் போனாள்.

வெள்ளிக்கிழமை மீன் நின்றது. யாகூபின் மனைவி ஆள் அனுப்பி நஷலைத் திருப்பிக் கேட்டாள். மீதியை வெளியில் இயந்திரப் பின்னல் வாங்கித் தைத்துக்கொள்வார்களாம். குமாஷா அந்த ஆளைச் சந்திலேயே நிறுத்தினாள். "பாதியில குடுக்க மாட்டேன். முடிச்சதும் கல்யாணப் பொண்ணு கையில குடுப்பேன். சண்டை எனக்கும் அவ அப்பனுக்கும். துணிக்கும் எனக்கும் இல்லை" என்றாள். அந்த மாதம் முழுக்க அவள் மறுபடி ஊசியில் உட்கார்ந்தாள். அந்த நஷலின் கீழ் ஓரம் மாதிரி நெருக்கமான கூரார் நாங்கள் அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை. கோபத்தில் அவள் ஊசி அப்படி இறங்கியது.

பங்கைப் பிரித்துத் தரச் சொல்லிக் குமாஷா வழக்குப் போட்டாள். வழக்குமன்றத்துக்கு அவள் பஸ்ஸில் போனாள். முதல் முறை நான் கூடப் போனேன். பிறகு நயீமா போனாள், அவளுக்குப் படிப்பு உண்டு. நீதிபதி எதிரில் யாகூப் தலையைக் குனிந்துகொண்டே நின்றானாம். பங்கு உண்டா இல்லையா என்பதில் அங்கே ஒரு பேச்சும் இல்லை. எந்தப் பக்கம் யாருக்கு என்பதுதான் பேச்சு. ஃபவாஸுக்குச் சந்துப்பக்க வாசல் வேண்டும் என்பதால் யாகூப் பின்பக்க அறையையும் கூடப் பணமும் தருகிறேன் என்றான். நீதிபதி குமாஷாவைக் கேட்டார்.

"வேண்டாம்" என்றாள்.

நீதிபதி அவளைத் தெரியாதவர். அதையே பதிலாக எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டார். சந்துப்பக்க அறை குமாஷாவுக்கென்று முடிவானது. "உன் வாய் உனக்கு உதவினது அன்னிக்கு மட்டும்தான்" என்று தாஜிபா பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஜவாஹிரின் மருதாணி இரவுக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. நஷல் முடிந்து வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தது. குமாஷா குளித்து, உடுத்து, அகில் புகை போட்டுக்கொண்டு கிளம்பினாள். "அழைக்காத வீட்டுக்கா?" என்று கேட்டேன். "அத்தைக்கு யாருடி அழைப்புக் குடுப்பா?" என்றாள். நாங்களும் கிளம்பினோம். அது பெண்கள் கூடுகிற இரவு. யாகூப் உள்ளே வர முடியாது. கூடத்தில் கொட்டு அடித்துப் பாடிக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் அடியைக் குறைத்தார்கள். யாகூபின் மனைவி எழுந்து நின்றாள். வாவென்றும் சொல்லவில்லை, போவென்றும் சொல்லவில்லை. ஜவாஹிர்தான் பச்சை விரிப்பிலிருந்து ஓடிவந்து மூட்டையைப் பிரித்தாள். உடம்பில் இருந்த இயந்திரப் பின்னல் நஷலை எல்லார் முன்னாலும் கழற்றிப் போட்டுவிட்டு அத்தை கொண்டுவந்ததைத் தலை வழியாக மாட்டிக்கொண்டாள். "அம்மா, இவங்களுக்குக் கஹ்வா" என்றாள். அவள் அம்மா ஊற்றினாள். சிந்தத்தான் செய்தது, ஆனால் ஊற்றினாள். குமாஷா முன்வரிசையில் கடைசி வரை உட்கார்ந்திருந்தாள். ஒருவரோடும் அதிகம் பேசவில்லை. கை தட்டினாள்.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஃபவாஸின் படக்கூடம் இருக்கிறது. வாசலைப் பக்கத்துச் சந்தில் திறந்துகொண்டான். அங்கே மாலையில் இசை கேட்கும், ஆட்கள் வருவார்கள். நடுவில் சுவர் எழுப்பியாயிற்று. அதற்கான கூலியில் மூன்றில் ஒரு பங்கைக் குமாஷா கொடுத்தாள். லுல்வா இறந்துபோனாள். அவள் இடத்தில் தாஜிபாவின் மருமகள் உட்காருகிறாள், விரல் இன்னும் கொஞ்சம் தளர்ச்சிதான். யாகூப் சந்துக்குள் வருவதில்லை. பெருநாள் தொழுகை முடிந்து தெருவில் எதிர்ப்பட்டால் ஸலாம் சொல்கிறான், நிற்பதில்லை. அவன் விட்டுக்கொடு என்று கேட்பதில்லை, அவளும் மன்னித்துவிடு என்று கேட்பதில்லை. ஜவாஹிர் வியாழக்கிழமைகளில் குழந்தையோடு வருகிறாள். அறை குமாஷாவின் பெயரில் இருக்கிறது. அஸருக்குப் பிறகு நாங்கள் ஐந்து பேரும் அங்கே கூரார் போடுகிறோம்.